மரவேலிப் பேனல்களுக்கு நாமே பெயின்ட் அடித்து நிறுத்துவது எப்படி: குமரி மாவட்டத்து மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற வழிகாட்டி

மரப்பேனல் வேலி பார்வைக்கு எளிய வேலை. கொஞ்சம் தூண்கள், அவற்றின் மேல் ஆசாரி அடித்துக் கொடுத்த பேனல்கள், அதன் மேல் இரண்டு கோட்டு பெயின்ட், அவ்வளவுதானே என்று ஒரு சனி ஞாயிறைக் கணக்கில் வைத்துப் பலர் இறங்குகிறார்கள். குழியின் பாதி ஆழத்தில் வெட்டுக்கல் (இறுகிய செம்பாறை) தட்டுப்படும்போதும், கடைசிப் பேனல் இடத்திற்குள் நுழையாமல் நிற்கும்போதும், பூசிய பெயின்ட் காய்வதற்குள் மேற்கே கறுத்து மழை இறங்கும்போதும் அவர்கள் வேலையையே வெறுத்துவிடுகிறார்கள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையிலும் இந்தத் தொல்லைகள் உண்டு. அவை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. என் கணிப்பில் இவற்றில் பெரும்பகுதி கைப்பழக்கம் இல்லாததால் வருவதில்லை, வேலைகளின் வரிசை மாறிப்போவதால் வருகிறது. எந்த மாதத்தில் தோண்டுவது, எந்த நிலையில் பூசுவது, எதை முதலில் பொருத்துவது என்பதைத் தீர்மானித்துக்கொண்டால், மீதியை ஒரு ரசமட்டமும் நூலும் கொஞ்சம் பொறுமையும் பார்த்துக்கொள்ளும்.

கணக்குகள் தெளிவாக இருப்பதற்காக ஒரே வேலியை இவ்வழிகாட்டி முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முதல் தூணின் நடுவிலிருந்து கடைசித் தூணின் நடுவரை 60 அடி நீளம், 4 அடி உயரம், பேனல்கள் 10, தூண்கள் 11.

மழைக்கு நடுவே கிடைக்கும் மாதங்கள்

குமரி மாவட்டம் இரண்டு பருவமழைகளையும் வாங்கும் மாவட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழையை நம்ப முடியாது. எனவே திறந்த வெளியில் நிம்மதியாகப் பெயின்ட் அடிக்கக் கிடைப்பது ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு என்பதால் அங்குள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நாட்கள் கிடைக்கும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆனி, ஆடி மாதங்களில் ஈரப் பெயின்ட்டின் மேல் புழுதியைத் தூவிவிட்டுப் போகும். விளவங்கோடு, கல்குளம் பக்கமும் மலையடிவார ஊர்களிலும் மழை நாட்கள் அதிகம். அங்கே தை, மாசி மாதங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தோண்டும் வேலைக்கு இதற்கு நேர்மாறான காலம் தேவை. சரளைகலந்த செம்மண் கோடையில் இறுகிப்போனால் கடப்பாரை அதன் மேல் துள்ளுமே தவிர இறங்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ அதே மண் மண்வெட்டிக்கு இணங்கும். ஆகவே மரத்தை அறுத்து நிழலில் அடுக்கி வைப்பது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, குழியும் தூணும் ஆண்டுத் தொடக்கத்தில், பெயின்ட் தை மாசியில், பேனல் ஏற்றுவது அதன் பின் என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை. தூணின் கான்கிரீட் இறுகும் நாட்களில் பெயின்ட் வேலை நடக்கும் என்பது இதில் கூடுதல் வசதி.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது

மாவட்டத்தில் எங்கும் மலிவாகக் கிடைப்பது ரப்பர் மரம். தமிழ்நாட்டின் ரப்பர் சாகுபடியில் பெரும்பகுதி இங்கேதான் என்பதால், மறுநடவுக்காக வெட்டிய மரம் மில்களில் எப்போதும் இருக்கும். வெளிப்புற வேலிக்கு அதை வாங்க வேண்டாம். அதிலுள்ள மாவுச்சத்து துளைக்கும் வண்டுகளையும் பூஞ்சையையும் இழுக்கும். அறைகலன்களுக்காக போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்திய ரப்பர் மரமும் விற்பனைக்கு வருகிறது. ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது, தொடர்ந்து நனையும் இடத்தில் மழையோடு வெளியேறிவிடும். வீட்டிற்குள் நாற்காலியாக நன்றாக உழைக்கும் மரம் வேலியில் சீக்கிரம் உளுத்துப்போவதற்குக் காரணம் இதுவே.

என் முதல் தேர்வு அயினி. படகு கட்டுவதற்கு இந்தக் கரையில் காலங்காலமாகப் பயன்பட்ட மரம் அது. நனைந்து காய்வதைத் தாங்கும், தேக்கைவிட விலையும் குறைவு. தேக்கு கிடைத்தால் நல்லதுதான், ஆனால் இளந்தேக்கின் வெளிறிய வெளிப்பகுதிக்குத் தேக்கின் பெயர் மட்டுமே உண்டு, உறுதி கிடையாது. எந்த மரமானாலும் வைரப்பகுதி (நடுவிலுள்ள உறுதியான பகுதி) எவ்வளவு, வெளிறிய வெளிப்பகுதியான வெள்ளை எவ்வளவு என்று பார்த்து வாங்குவதே முறை. பலா நல்ல மரம். ஆனால் வெள்ளை பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதன் மஞ்சள் சாயம் முதல் மழையிலேயே கசிந்து மேலே வரும். முற்றிய தென்னையின் வெளிப்பகுதி கடினமாக இருந்தாலும், மண்ணையோ தேங்கிய நீரையோ தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது நிற்காது.

வாங்கிய பட்டைகளை, அதாவது பேனலுக்கான ஒடுக்கமான பலகைகளை, மண்ணில் போடாமல், இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, ஓட்டுக்கோ ஷீட்டுக்கோ கீழே காற்றோட்டமாக அடுக்க வேண்டும். மரம் காய்ந்ததா என்பதை அறியக் கருவி இல்லாதவர்கள் ஒரு பட்டையைக் குறியிட்டு வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்க்கலாம். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், இந்த ஊர்க் காற்றில் அது காய வேண்டிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈர மரத்தில் பூசிய பெயின்ட் கொப்புளம் போடுவதற்குப் பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளிருக்கும் நீர் வெயிலில் ஆவியாகி வெளியே வர வழி தேடுகிறது.

பேனலை ஆசாரியிடம் சொல்லும்போது

மனையை அளந்த பிறகுதான் பேனல் அளவைச் சொல்ல வேண்டும். 6 அடிப் பேனல் 10 செய்து வந்துவிட்ட பிறகு நிலம் 63 அடி என்று தெரிந்தால், கடைசியில் 3 அடி அகலத்திற்கு ஒட்டுப்பேனல் அடிக்க நேரும். வேலி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். முழு நீளத்தையும் 10 சமபாகமாக்கி அந்த அளவைக் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் தூண்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 72 அங்குலம். ஒரு பேனலுக்கு 3 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் கொண்ட பட்டைகள் 18, அவற்றுக்கிடையே 1 அங்குல இடைவெளி 17 என்றால் மொத்தம் 71 அங்குலம். அடுத்த பேனலுக்கும் இதற்கும் நடுவே மிஞ்சுவதும் அதே 1 அங்குலம் ஆகையால், பேனல் எங்கே முடிகிறது என்பதே வெளியே தெரியாது. குறுக்குச் சட்டங்கள் இரண்டும் 3 அங்குலத்திற்கு ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். நீளம் பட்டைகளைவிட இருபுறமும் கால் அங்குலம் கூடுதலாக, ஆக 71 அரை அங்குலம்.

இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்துத் தரச் சொல்வோர் உண்டு, மறைப்பு வேண்டும் என்பதற்காக. அதில் இரண்டு சிக்கல்கள். பட்டைகள் மழைக்காலத்தில் பருத்து ஒன்றையொன்று தள்ளும், கோடையில் சுருங்கிக் கோணலான பிளவுகளைக் காட்டும். இரண்டாவது, காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று 6 அடிக்கு 4 அடி மூடிய பரப்பின் மேல் 50 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் வேரோடு சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி விட்ட வேலி காற்றில் ஒரு பங்கை வழிய விட்டுவிடும். மறைப்பு வேண்டுமென்றால் உள்பக்கம் செம்பருத்தியோ இட்லிப்பூவோ நட்டுக்கொள்ளலாம்.

பட்டைகளை ஆணியால் அடிக்காமல் ஸ்க்ரூவால் முடுக்கித் தரச் சொல்ல வேண்டும். ஒரு பட்டைக்கு நான்கு வீதம் பேனலுக்கு 72, மொத்தம் 720 ஸ்க்ரூ ஆகும் என்பதால் ஆசாரி முகம் சுளிப்பார். அந்த வேலையை நாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் சம்மதித்துவிடுவார். பட்டை ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றுவதற்கு வேறு வழியில்லை. ஸ்க்ரூ விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பளபளக்கும் சாதாரண முலாம் பூசியவை கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஓராண்டிலேயே துரு வடியத் தொடங்கும், அயினி, தேக்கு போன்ற மரங்களில் இரும்பு பட்ட இடத்தைச் சுற்றிக் கருங்கறையும் படியும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்நாட்டு ஊர்களுக்குப் போதும். கடல் அருகே என்றால் 316 ரகம் தேவை. கடைகளில் இல்லாவிட்டால் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற துறைமுகங்களை ஒட்டிப் படகு உதிரிபாகம் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். எங்கே முடுக்கினாலும் முதலில் ஸ்க்ரூவைவிட மெல்லிய பிட்டால் துளை போட வேண்டும். பட்டையின் நுனியிலிருந்து ஒரு அங்குலத்திற்குள் துளையில்லாமல் முடுக்கினால் மரம் பிளப்பது உறுதி.

பேனல் வந்ததும் சமதளமான தரையில் கிடத்தி இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்று பொருள். ஒரு மூலை மட்டும் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. தூணில் ஏற்றினால் சரியாகிவிடும் என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம், அது தூணையும் சேர்த்து இழுக்கும்.

எவ்வளவு பெயின்ட், என்ன பெயின்ட்

பெயின்ட் பாதியில் தீர்ந்துபோவது இவ்வேலையின் வழக்கமான எரிச்சல்களில் ஒன்று, காரணமும் எளியது. 6 அடிக்கு 4 அடிப் பேனலை 24 சதுர அடி என்று கணக்கிட்டு, இருபுறமும் சேர்த்து 48 என்றுகூட நினைக்காமல் கடைக்குப் போகிறோம். உண்மையில் ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு முகங்கள் உண்டு. மேற்சொன்ன அளவில் ஒரு பட்டைக்கு இரண்டரை சதுர அடி, 18 பட்டைக்கு 45, இரு சட்டங்களுக்கு 9, ஆகப் பேனல் ஒன்றுக்கு 54 சதுர அடி. பத்துப் பேனலுக்கு ஒரு கோட்டு 540 சதுர அடி. இழைத்த வழவழப்பான மரத்தில் ஒரு லிட்டர் எனாமல் ஏறத்தாழ 100 சதுர அடிக்கு வரும். மில்லில் அறுத்தபடியே உள்ள சொரசொரப்பான மரத்தில் 70, 80 அடிக்கே வரும். ப்ரைமர் எனும் அடிப்பூச்சு ஒரு கோட்டுக்கு 7 முதல் 8 லிட்டரும், மேல்பூச்சு இரண்டு கோட்டுக்கு 13 முதல் 15 லிட்டரும் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். கலர் கலந்து வாங்குவதானால் முழு அளவையும் ஒரே தடவையில் வாங்கி, டின்களை ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிக்கொண்டால் பேனலுக்குப் பேனல் நிறம் மாறாது.

எதைப் பூசுவது என்பதில் மூன்று வழிகள் உள்ளன. ஆயில் ப்ரைமரும் சிந்தெடிக் எனாமலும் பழகிய முறை, மினுமினுப்பும் கிடைக்கும். ஆனால் வெயிலில் அந்தப் படலம் நாளடைவில் விறைத்துப்போகிறது, மழையில் மரம் பருக்கும்போது அதனுடன் நீளாமல் வெடிக்கிறது. வெளிப்புற மரத்திற்கென வரும் நீர்சார்ந்த அக்ரிலிக் வகை நெகிழ்வானது, மரத்தின் ஈரம் வெளியேறவும் ஓரளவு இடம் தரும். மூன்றாவது, மரத்திற்குள் ஊறும் வுட் ஸ்டெய்ன் அல்லது எண்ணெய் வகை. இது உரிவதே இல்லை, மங்க மட்டுமே செய்யும், மங்கியதும் கழுவிவிட்டு மேலே இன்னொரு முறை பூசினால் போதும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பூச வேண்டியிருந்தாலும் சுரண்டும் வேலை இல்லை என்பதால், சொந்தக் கையால் பராமரிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வெள்ளை வேலி ஆசை உள்ளவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும்: நம் செம்மண்ணில் விழும் மழை ஓரடி உயரம் வரை தெறிக்கும், ஒரே மழைக்காலத்தில் கீழ்ப்பகுதி காவியாகிவிடும்.

அண்டியாபீஸ்களிலிருந்து, அதாவது முந்திரி ஆலைகளிலிருந்து, வரும் முந்திரித் தோட்டெண்ணெயைப் பூசலாமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். படகுகளுக்கும் தோணிகளுக்கும் பூசிப் பயன் கண்ட பொருள் அது, பூச்சிக்கும் நீருக்கும் நல்ல காப்பு. ஆனால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாக்கும்; கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகள் கை வைக்கும் வேலிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை கொண்டவை. தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவைத்த பிறகே வீச வேண்டும்.

பூசும் முறை

பேனல்களை நிறுத்துவதற்கு முன்பே பூச வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிறுத்திய பிறகு பட்டைகளின் இடுக்குகளிலும், தூணுக்குப் பின்னாலும், அடிநுனியிலும் பிரஷ் நுழையாது. மரம் கெடுவது அந்த மூன்று இடங்களிலிருந்துதான். முடிந்தால் பட்டைகளைச் சட்டத்தில் முடுக்குவதற்கு முன்பே ப்ரைமரைத் தனித்தனியாகப் பூசிவிடுவது இன்னும் நல்லது, ஏனெனில் பட்டையும் சட்டமும் ஒட்டும் முகங்களில்தான் மழைநீர் நாள்கணக்கில் தங்கும்.

முதலில் 100 எண் உப்புத்தாளால் மரத்தின் ஓட்டத்திலேயே தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடலோர ஊர்களில் சில வாரம் வெளியே கிடந்த மரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அதை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடாமல் பூசினால், உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டை அடியிலிருந்து தூக்கிவிடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பழைய வேலியைச் சுரண்டி மறுபூச்சு செய்பவர்கள் கட்டாயம் முகக்கவசம் அணிய வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான், அதற்கு முந்தைய பூச்சுகளில் என்ன இருந்தது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நேரம் காலை 9 மணிக்கு மேல், பனி முழுவதும் உலர்ந்த பிறகு. நிறுத்துவது மாலை 4 மணிக்குள். அந்தியில் பூசிய எனாமல் இரவு ஈரத்தில் மினுமினுப்பை இழந்து சாம்பல் பூத்துவிடும், விளக்கு வெளிச்சத்திற்கு வரும் பூச்சிகளும் அதில் ஒட்டிக்கொள்ளும். உச்சிவெயிலில் பூசினால் பிரஷ் பட்ட தடம் பரவுவதற்குள் மேல்தோல் காய்ந்து கோடு கோடாக நிற்கும். மாமர நிழல் வசதிதான், ஆனால் பிசினும் சருகும் பறவையும் அதே நிழலில்தான் இருக்கின்றன. ஷெட் கிடைத்தால் ஷெட்டே மேல்.

தொடங்க வேண்டிய இடம் பட்டையின் வெட்டுநுனி. மரத்தின் நார்க்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன, பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அது நீரைக் குடிக்கும். ப்ரைமரில் தோய்த்த பிரஷ்ஷை அந்த நுனியில் வைத்து அழுத்திப் பார்த்தால், பூசிய பளபளப்பு நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், நுனி மறுபடி மங்கிக் காய்ந்ததுபோல ஆகிவிடும். அடுத்தமுறை சற்று மெதுவாக இழுக்கும், மூன்றாம் முறை மேலேயே தங்கும். தங்கும் வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சப்பையான பாத்திரத்தில் அரை அங்குலத்திற்கு ப்ரைமரை ஊற்றிப் பட்டைகளின் அடிநுனிகளை அதில் சில நிமிடம் நிறுத்தி வைத்தாலும் சரிதான். இதற்கு ஆகும் கூடுதல் ப்ரைமர் கால் லிட்டரோ அரை லிட்டரோதான்.

அடுத்து இடுக்குகள், பிறகு பின்பக்கம், கடைசியாக முன்பக்கம். பிரஷ்ஷின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தோய்த்து, டின்னின் விளிம்பில் தட்டிவிட்டு, மெல்லியதாக இழுக்க வேண்டும். ஒரே கோட்டில் முடித்துவிடும் ஆசையில் அப்பினால் அது பட்டையின் விளிம்புகளில் வழிந்து குறுக்குச் சட்டத்தின் அடியில் சொட்டாகத் திரண்டு நிற்கும். ஒரு பேனலை முடித்ததும் கீழிருந்து அண்ணாந்து அந்தச் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொட்டுகளைப் பிரஷ் நுனியால் இழுத்துவிட வேண்டும்; மறுநாள் அது கத்தியால் செதுக்க வேண்டிய வேலையாகிவிடும். டின்னில் எழுதியுள்ள மறுகோட்டு நேரம் உலர்ந்த காற்றுக்கானது. நம் ஊரில் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டால் மட்டுமே அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். கோட்டுகளுக்கு இடையே 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவிக்கொடுப்பது அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் தரும்.

எல்லையும் நூலும்

வேலி எத்தனை நேராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் மண்ணில் அரை அடி இறங்கியிருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதுதான். பட்டாவோடு புலப்படத்தையும் (மனையின் நில அளவைப் படம்) எடுத்து வைத்துக்கொண்டு எல்லைக்கற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கல் காணாமல் போயிருந்தால் தாலுகா அலுவலகத்தில் அளவீட்டுக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் அளந்து காட்டிய பிறகே தோண்டுவது. கான்கிரீட்டின் பருமன் முழுவதும் நம் பக்கம் அடங்குமாறு கோட்டைச் சற்று உள்ளே தள்ளிக்கொண்டால் பேச்சுக்கு இடமிருக்காது. தென்னையின் நேர் கீழே கோடு வராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது, மட்டை விழுந்தால் பட்டை தாங்காது.

இரு முனைகளிலும் முளை அடித்து நைலான் நூலை விறைப்பாகக் கட்டி, தூணின் முன்முகம் வரவேண்டிய கோடாக அதை வைத்துக்கொள்ள வேண்டும். தூண் நடுக்களைக் குறிக்க டேப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக நீட்டாமல், முதல் தூணிலேயே அதன் நுனியைக் கட்டி, 6, 12, 18 என்று தொடர்ச்சியாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு 6 அடியையும் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றிலும் வரும் நூலளவு பிழை பத்தாவது பேனலில் ஒன்றாகத் திரண்டு நிற்கும்.

குழியும் தூணும்

இம்மாவட்டத்தில் கருங்கல் தூணும் வார்ப்புக் கான்கிரீட் தூணும் எளிதில் கிடைக்கும்போது மரத்தூணை மண்ணில் புதைப்பதை நான் ஆதரிப்பதில்லை. மண்மட்டத்தில், ஈரமும் காற்றும் சேரும் அந்தச் சில அங்குலங்களில்தான் மரம் முதலில் உளுக்கும், கரையானுக்கும் அதுவே வாசல்.

6 அடித் தூணில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். குழி ஓரடி விட்டம், 2 அடி 4 அங்குல ஆழம். அடியில் 4 அங்குலம் ஜல்லி நிரப்பி இடித்தால் நீர் தேங்காமல் இறங்கும். மேற்பகுதியை அகலமாகவும் அடியைக் குறுகலாகவும் தோண்டுவது கைக்குச் சுலபம், ஆனால் அப்படி வார்த்த கான்கிரீட் மழைக்காலத்தில் மண் இளகும்போது அசையத் தொடங்கும். பக்கங்கள் செங்குத்தாகவோ அடி சற்று அகன்றோ இருக்க வேண்டும். வெட்டுக்கல் தட்டுப்பட்டால் கடப்பாரையால் மல்லுக்கட்டுவதைவிட, குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இரவு விட்டுவிட்டு மறுநாள் உளியும் சம்மட்டியும் கொண்டு செதுக்குவது பலன் தரும். கருங்கல் பாறையே வந்துவிட்டால் அந்த ஒரு தூணை இடம் மாற்றி, இரு பக்கத்துப் பேனல்களையும் அதற்கேற்ப வெட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம். மணற்பாங்கான கடலோரத்தில் தொல்லை வேறு விதம்: தோண்டத் தோண்டக் கரை சரியும். அங்கே அடியில்லாத பிளாஸ்டிக் டிரம்மையோ அகலக் குழாய்த் துண்டையோ குழிக்குள் இறக்கிக்கொண்டு உள்மணலை அள்ள வேண்டும், ஆழத்தையும் அரை அடி கூட்ட வேண்டும்.

சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 விகிதத்தில் ஒரு குழிக்கு ஒன்றரை கனஅடிக்குச் சற்றுக் குறைவாகக் கான்கிரீட் பிடிக்கும். 11 குழிகளுக்கு மூன்று மூட்டை சிமெண்ட் போதும். முதலில் இரண்டு முனைத் தூண்களை மட்டும் நிறுத்தி, தூக்குக்குண்டால் இரு முகங்களிலும் செங்குத்தைச் சரிபார்த்து, முட்டுக்கொடுத்து வார்க்க வேண்டும். அவை இறுகிய மறுநாள் மேலும் கீழும் இரண்டு நூல் கட்டி, நடுத்தூண்களை அந்த நூல்களைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துவது எளிது. கான்கிரீட்டின் மேற்பரப்பு தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே வந்து, தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாட்கள் நனைத்துவர வேண்டும். அந்த வாரத்தில் பேனலை ஏற்றும் அவசரம் ஆகாது.

பேனலை ஏற்றுவது

தூண்களுக்கு இடையில் பேனலைச் செருகுவதா, தூண்களின் முன்முகத்தில் ஏற்றுவதா என்பது முக்கியமான முடிவு. செருகுவதானால் 4 அங்குலத் தூண்கள் இரண்டுக்கு நடுவே கிடைப்பது 68 அங்குலம் மட்டுமே, பேனலும் அதைவிட அரை அங்குலம் குறைவாக இருக்க வேண்டும்; 6 அடிப் பேனலை வாங்கி வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். தவிர, கருங்கல் தூண்கள் எதுவும் வழவழப்பாகவோ ஒரே பருமனாகவோ வருவதில்லை. செருகும் முறையையே விரும்பினால் எல்லாத் தூண்களையும் முதலில் வார்த்துவிடாமல், ஒரு தூண், அதை ஒட்டி ஒரு பேனல், பிறகு அடுத்த தூண் என்று போவதுதான் பாதுகாப்பு.

முன்முகத்தில் ஏற்றுவது இத்தனை கறாரை எதிர்பார்ப்பதில்லை. 3 அங்குலத்திற்கு ஒன்றரை அங்குலமும் 4 அடி உயரமும் கொண்ட ரீப்பர் (மரச்சட்டத் துண்டு) ஒன்றை, அதற்கும் நான்கு பக்கமும் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு தூணின் முகத்திலும் இரண்டு யு-போல்ட்டுகளால் கட்ட வேண்டும். போல்ட் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த, மங்கிய சாம்பல் நிறமுள்ள வகையாக இருக்கட்டும். தூணில் எங்கே குழிவு இருக்கிறதோ அங்கே மெல்லிய சிமெண்ட் ஷீட் துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ சொருகி, நூலுக்கு நேராக ரீப்பரைக் கொண்டுவந்த பிறகு போல்ட்டை முடுக்கினால், தூணின் கோணல்கள் எவையும் வேலியில் தெரியாது. இரு பக்கத்துப் பேனல்களின் சட்ட நுனிகளும் இந்த 3 அங்குல ரீப்பரில் பாதிப் பாதியாக உட்காரும், நடுவே அரை அங்குலம் விட்டு.

பேனலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி முடுக்க முயல வேண்டாம். தரைக்கும் பட்டையின் அடிநுனிக்கும் 3 அங்குலம் இருக்குமாறு மரத்துண்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் பேனலை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, மேல்சட்டத்தின் ஒரு நுனியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் பாதி இறக்க வேண்டும். மறுநுனியை ஏற்றியிறக்கி மட்டம் சரியானதும் அங்கேயும் பாதி. இரண்டு பேனல்களை இப்படி நிறுத்தி, தள்ளி நின்று பார்த்த பிறகு மீதி ஸ்க்ரூக்களை முழுதாக முடுக்கலாம். சட்டத்தை வெட்டவோ புதிதாகத் துளையிடவோ நேர்ந்தால், அந்த இடத்தில் ப்ரைமர் தொடாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. சட்டைப்பையில் ஒரு சிறு டப்பாவும் பழைய பிரஷ்ஷும் இருக்கட்டும்.

தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து மேடுபள்ளமான விளைகளில் (தோட்ட நிலங்களில்) இந்த மட்டம் பார்க்கும் வேலை அப்படியே செல்லாது. மிதமான சரிவில் ஒவ்வொரு பேனலையும் மட்டமாகவே நிறுத்தி, அடுத்ததைச் சில அங்குலம் இறக்கிப் படிபோல் கொண்டுபோகலாம். இறக்கம் எல்லாப் பேனல்களுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதால், முதலில் மட்டக்குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளுக்கும் உள்ள மொத்த உயர வேறுபாட்டைக் கண்டு, அதைப் பேனல் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ள வேண்டும். 60 அடியில் 30 அங்குலம் இறங்கினால் பேனலுக்கு 3 அங்குலம். கீழே உண்டாகும் முக்கோணச் சந்தில் கோழி நுழையும் என்ற கவலை இருந்தால் கல்லடுக்கால் மூடலாம், மண்ணால் மூடக்கூடாது. இறக்கம் பேனலுக்கு 6 அங்குலத்தைத் தாண்டினால் படி முறை அழகாக இராது. சட்டங்களைச் சரிவுக்கு இணையாகவும் பட்டைகளைச் செங்குத்தாகவும் வைத்து அந்த இடத்திலேயே முடுக்க வேண்டும். ஸ்க்ரூ போட்ட பேனலானால் ஒவ்வொரு சட்டத்திலும் பட்டைக்கு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டத்தைச் சாய்த்து மறுபடி முடுக்கிவிடலாம், ஆணி அடித்த பேனலில் அது நடக்காது.

நிறுத்திய பிறகு

வேலியின் அடியில் ஓரடி அகலத்திற்கு ஜல்லி பரப்பினால் செம்மண் தெறிப்பது வெகுவாகக் குறையும், களையும் பட்டையைத் தொடாது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்கு மழை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, பாசி பிடித்த இடங்களைத் தேங்காய் நாரால் தேய்த்து, அடிநுனிகளையும் ஸ்க்ரூ தலைகளையும் ஒருமுறை பார்த்துவர வேண்டும். வெடித்த இடம் விரல் நுனி அளவாக இருக்கும்போதே சுரண்டி, காயவிட்டு, ப்ரைமர் தொட்டுப் பூசிவிட்டால் அரை மணி வேலை. அடுத்த மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முழுப் பட்டையையும் மாற்ற நேரும். அதற்காகவே பேனல்களுக்குப் பூசும்போது நான்கைந்து பட்டைகளைக் கூடுதலாகப் பூசி, மீந்த பெயின்ட்டை இறுக மூடி, டின்னின் மேல் நிறத்தின் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.